எந்த மெசின் வாங்குவது?

(மீள்குடியேறிய கமக்காரக் குடும்பங்களுடன் கிளிநொச்சியில், காலபோகத்துக்கு முன் நடந்த சந்திப்பொன்றில் ஆற்றிய உரை)



நான் கலைப்பீடத்தில் படித்தவள். மெசினைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தெரியும் என்று பின்னால் இருக்கும் ஐயா நினைப்பது அவருடைய முகத்தில் தெரிகிறது. நியாயம்தான். ஆனால் போகிற கிராமமெல்லாம் ஒரே கேள்வி: "பிள்ளை, குபோட்டா நல்லதோ, மகிந்திரா நல்லதோ, இல்லாட்டிப் பழைய மசி ஒன்றைத் தேடுறதோ?" அதனால் கராஜ்காரரிடமும் அனுபவப்பட்ட கமக்காரரிடமும் விசாரித்ததைச் சொல்கிறேன்.

மெசினுக்கு முதல் காணி. மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட நிலம் எதுவரை என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் எந்த மெசினையும் இறக்க வேண்டாம். கூலிக்கு வரும் சாரதி வெளியூர்க்காரராக இருப்பார், அவருக்கு உங்கள் எல்லை தெரியாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் ஒரு அடிகூட வேண்டாம். நீங்களே கூட நின்று காட்டுங்கள்.

இனி மெசின். ஒன்று, இரண்டு ஏக்கர் வயலுக்கு நம்மவர்கள் முதலில் நினைப்பது லான்ட்மாஸ்டர். அது ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கொம்பனி ஒன்றின் பெயர். இப்போது எந்தக் கொம்பனி செய்தாலும் இரண்டு சில்லு என்றால் நமக்கு லான்ட்மாஸ்டர்தான். ஆனால் அதை யார் பிடிக்கப்போகிறார்கள்? றோட்டவேற்றரின் அகலம் இரண்டு அடி என்று வையுங்கள். ஒரு ஏக்கரை ஒருமுறை உழ ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நடக்க வேண்டும். இரண்டு தரம் உழுதால் 14. அதுவும் சேற்றில், உதறுகிற கைபிடியைப் பிடித்துக்கொண்டு. உடம்பில் செல்துண்டு இருக்கிறவர்கள், கால் இழந்தவர்கள், தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகும் அம்மாமார் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு லான்ட்மாஸ்டர் வந்து சேர்ந்தாலும், ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு போகமும் கூலி கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். 45 குதிரைவலு நான்கு சில்லு மெசினைக் கூலிக்குப் பிடித்தால் அதே வேலை காலைச் சாப்பாட்டுக்கு முன் முடியலாம்.

கொம்பனிப் பெயர்களுக்கு வருகிறேன். குபோட்டா, யன்மார் இரண்டும் யப்பான். விலை கூட, ஆனால் பழகிய கை நிறைய இருக்கிறது. சீன மெசின்கள் விலை குறைவு. அவற்றில் ஒரு விடயம் கவனியுங்கள். எஸ்195 என்று ஒரு ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம், 12 குதிரைவலு. அதைச் சீனாவில் பல தொழிற்சாலைகள் செய்கின்றன. வெளியே ஒட்டியிருக்கும் பெயர் வேறு வேறு, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே அமைப்பு. அப்படிப்பட்டதென்றால் பிஸ்டன், ரிங், நொசில் தேடுவது சுலபம். கியர்பெட்டி அப்படியல்ல, அது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். அதனால் கடைக்காரரிடம் இயந்திரத்தைப் பற்றி மட்டும் கேட்காமல் கியர்பெட்டிச் சாமானைப் பற்றியும் கேளுங்கள்.

நான்கு சில்லில் மசி பெர்குசன் 135 ஐத் தெரியாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். 1964 இல் வந்தது, மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் இயந்திரம். சென்னையில் உள்ள டாபே கொம்பனியும் மசி மெசின்களைச் செய்வதால் இந்தியச் சாமான் கிடைக்கிறது. மகிந்திராவில் யுவராஜ் 215 என்று 15 குதிரைவலுச் சின்ன மெசினும் உண்டு. மேட்டுநிலத் தோட்டத்துக்கும் தென்னைக்கு இடையில் ஓடவும் அப்படிப்பட்டது வசதி. ஆழமான வயல் சேற்றுக்கு அதை நம்பி வாங்குவதென்றால், முதலில் யாருடையதையாவது இறக்கிப் பார்க்க வேண்டும்.

இதில் எது நல்லது? எனக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் சலிப்பானது: உங்கள் ஊர் கராஜ்காரர் எதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவரோ அது. எங்கள் மாமா ஒருவர் விலை குறைவென்று ஒரு லான்ட்மாஸ்டர் எடுத்தார். கொம்பனிப் பெயர் வேண்டாம். இரண்டு போகம் நன்றாக ஓடியது. மூன்றாம் போகம் விதைப்பு நேரத்தில் கியர்ச் சில்லு ஒன்று உடைந்தது. வவுனியாவில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இல்லை. கொழும்பிலிருந்து வந்து சேர இரண்டு மாதம். வயல் தரிசாகக் கிடந்தது, லீசிங் காசு மட்டும் மாதம் தவறாமல் கேட்டது. மாமியின் சங்கிலி அந்த வருடம்தான் போனது. ஆகவே வாங்குவதற்கு முன் மூன்று சாமானின் பெயரை எழுதிக்கொண்டு கிளிநொச்சிக் கடைத்தெருவுக்குப் போங்கள்: கிளச் தட்டு, கியர்பெட்டி பெயாரிங், நொசில். இன்றைக்கே கையில் தர முடியுமா என்று கேளுங்கள். "எடுத்துத் தரலாம் அண்ணை" என்பது பதில் அல்ல.

லீசிங் என்றதும் இன்னொன்று. கமக்காரருக்குக் காசு வருவது வருடத்தில் இரண்டு தரம். தவணையோ பன்னிரண்டு தரம். அறுவடைக்குப் பின் கட்டும் முறை உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்தம் தமிழில் இல்லாவிட்டால், வாசித்து விளங்கப்படுத்தும் வரை கையெழுத்து வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டாருக்குப் பிணை நிற்பதற்கும் இதே கதைதான்.

பழைய மெசின் வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். 2009 இல் எத்தனையோ குடும்பங்கள் மெசினையும் பெட்டியையும் வழியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தன. புத்தகமில்லாமல் மலிவாக வரும் மெசின் இன்னொரு கமக்காரர் தேடிக்கொண்டிருக்கும் மெசினாக இருக்கலாம். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் மெசினில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இலக்கம் அராவியிருந்தாலோ புதிதாக வெல்டிங் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். பெட்டி பூட்டி றோட்டில் ஓட்டுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், லான்ட்மாஸ்டருக்கு ஜீ1 என்று தனி வகுப்பு.

நாலு பேர் சேர்ந்து வாங்கலாமா என்று போன கிழமை ஒரு தங்கை கேட்டார். வாங்கலாம். ஆனால் நாலு பேரின் வயலும் ஒரே மழைக்குத்தான் ஈரமாகும், நாலு பேருக்கும் ஒரே கிழமையில்தான் மெசின் வேண்டும். சண்டை அங்கேதான் தொடங்கும். முதல் முறை யாருக்கு, அடுத்த போகம் யாருக்கு, டீசல் யார், உடைந்தால் யார் என்று கமக்காரர் அமைப்பின் முன் எழுதி வையுங்கள். சொந்தக்காரருக்குள் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

கடைசியாக, சேலைத் தலைப்பையும் சால்வையையும் ஓடுகிற பெல்ட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். பெல்ட்டின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற தம்பிமாருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

பதிவுப் புத்தகம் தொலைத்தவர்கள் பழைய இலக்கத்தட்டு எண்ணோ, காப்புறுதித் துண்டோ, மெசினோடு நின்று எடுத்த படமோ எது இருந்தாலும் அடுத்த நடமாடும் சேவைக்குக் கொண்டு வாருங்கள். விண்ணப்பம் நிரப்ப நாங்கள் இருப்போம். இப்போது பின்வரிசை ஐயா கேட்கட்டும், அவர்தான் முதலிலிருந்தே கையை உயர்த்திக்கொண்டிருக்கிறார்.