இஞ்சின் யார் பேச்சைக் கேட்கும்?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார்: “வாத்தியாரே, இப்பல்லாம் ஏரோப்பிளேனையே கம்ப்யூட்டர்தான் ஓட்டுதாமே! அப்புறம் நம்ம புள்ள எதுக்குக் கணக்கு, அறிவியல்னு மண்டைய உடைச்சுக்கணும்?” செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்த களைப்போடு கேட்ட கேள்வி. தட்டிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய விமானங்களில் விமானியின் கையிலுள்ள பிடியிலிருந்து இஞ்சின் வரைக்கும் கம்பி வடம் ஓடும். பிடியைத் தள்ளினால் எரிபொருள் கூடும், இழுத்தால் குறையும். மோட்டார் சைக்கிளில் நாம் எண்ணெய் முறுக்குகிறோமே, அதே கதைதான். இன்றைய பெரிய விமானங்களில் அந்தப் பிடி கம்ப்யூட்டருக்குச் செய்தி மட்டும் அனுப்புகிறது. எரிபொருளை அளந்து விடுவது கம்ப்யூட்டர். ஒன்று பழுதானால் மற்றது பார்த்துக்கொள்ளட்டும் என்று அதை இரட்டையாகவே அமைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் மனிதக் கையைவிட அது நுணுக்கமாகவே வேலை செய்யும். ஆபத்து வந்தால்தான் வழக்கு.

1991 டிசம்பர் 27ஆம் நாள் காலை, சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் விமான நிலையத்திலிருந்து எம்.டி.81 ரக விமானம் ஒன்று 129 பேருடன் கிளம்பியது. கடுங்குளிர். இறக்கையின் மேல் கண்ணாடிபோல் உறைந்திருந்த பனிக்கட்டி யார் கண்ணிலும் படவில்லை. விமானம் மேலெழுந்ததும் அது உடைந்து, வால் பக்கம் இருந்த இரண்டு இஞ்சின்களுக்குள்ளும் போய்விட்டது. விசிறித் தகடுகள் நசுங்கின. இஞ்சின் மூச்சுத் திணறி ‘டமார் டமார்’ என்று வெடிக்கத் தொடங்கியது. கேப்டன் வலது இஞ்சினின் வேகத்தைச் சற்றுக் குறைத்தார். அடிபட்ட இஞ்சினுக்கு அதுதான் வைத்தியம். ஆனால் வெடிச்சத்தம் நிற்கவில்லை.

ஏன்? அந்த விமானத்தின் கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு இருந்தது. கிளம்பும்போது ஓர் இஞ்சின் தளர்ந்தால், விமானம் கீழே விழாமலிருக்க அது தானாகவே வேகத்தைக் கூட்டிவிடும். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். இவர் குறைக்க, அது கூட்ட, எழும்பி ஒன்றேகால் நிமிடத்தில் இரண்டு இஞ்சின்களும் நின்றுவிட்டன. அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே அந்த விமானிகளுக்குத் தெரியாது. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை! காட்டுக்கு நடுவே ஒரு வயலைக் கண்டு, இஞ்சின் இல்லாமலே கேப்டன் இறக்கினார். விமானம் மூன்று துண்டானது. 129 பேரும் பிழைத்தார்கள்.

செம்பனை ஆலையில் வேலை செய்பவர்களுக்கு பாய்லரின் பாதுகாப்பு வால்வு தெரியும். நீராவி அழுத்தம் மிஞ்சினால் யாரையும் கேட்காமல் அது திறந்துகொள்ளும். அதனால் யாரும் பயப்படுவதில்லை. அது எப்போது, எதற்குத் திறக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். விமானியிடமும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமா? அந்தத் தந்தையாருக்கு நான் சொன்னதும் இதுதான்: கம்ப்யூட்டரே ஓட்டட்டும் ஐயா, அது என்ன செய்கிறது என்று புரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருக்கணும். அந்த ஆளாக உங்கள் பிள்ளை வரக்கூடாதா?

அப்படியானால் முழு அதிகாரத்தையும் மனிதனிடமே விட்டுவிடலாமா? அதுவும் இல்லை. 1989 ஜனவரி 8ஆம் நாள் லண்டனிலிருந்து பெல்பாஸ்டுக்குப் போன போயிங் 737 விமானத்தில் இடது இஞ்சினின் விசிறித் தகடு உடைந்தது. விமானிகள் வலது இஞ்சினில் கோளாறு என்று நினைத்து, நல்லதாக இருந்த அதை நிறுத்திவிட்டார்கள். தற்செயலாக அதிர்வும் குறைந்ததால் தாங்கள் செய்தது சரியென்றே நம்பினார்கள். வலது இஞ்சின் பழுது என்று கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். இடது பக்கம் நெருப்பைக் கண்ட பயணிகளும் பணியாளர்களும் இருந்தார்கள். ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. இறங்கும் நேரத்தில் இடது இஞ்சினும் ஓய்ந்தது. இங்கிலாந்தின் கெக்வர்த் என்னும் ஊரருகே நடந்த அந்த விபத்தில், 126 பேரில் 47 பேர் மாண்டார்கள். வாத்தியார் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டாலும் வாய் திறக்காத பிள்ளையைத்தான் நாம் ‘நல்ல பிள்ளை’ என்கிறோம். பெற்றோர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யார் பேச்சையும் கேட்காத இஞ்சினும் உண்டு. அது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2010 நவம்பர் 4ஆம் நாள், சிங்கப்பூர் சாங்கியிலிருந்து 469 பேருடன் கிளம்பிய ஏர்பஸ் ஏ380 விமானத்தில், நான்கு இஞ்சின்களில் ஒன்று பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்து மின்கம்பிகளை அறுத்தன. கம்ப்யூட்டர் திரையில் கோளாறுச் செய்திகள் மழையாகப் பொழிந்தன. அறையில் இருந்த ஐந்து விமானிகளும் பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து, சாங்கியிலேயே பத்திரமாக இறக்கினார்கள். ஆனால் இறங்கிய பிறகு பார்த்தால், இடது ஓரத்து இஞ்சின் நிற்க மாட்டேன் என்கிறது. கம்பி அறுந்துபோனதால் விமானி சொன்னது அதற்குப் போய்ச் சேரவில்லை. இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரும் நுரையும் பீய்ச்சி, சுமார் மூன்று மணி நேரம் போராடித்தான் அதை நிறுத்தினார்கள்.