தூண்களில் எழுதிய பெயர்கள்: குவாத்தமாலா நகரில் நான்கு நாட்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி உருத்திரபுரத்தில் நடைபெற்ற வன்னிப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு பயணக் கதை சொல்லுமாறு செயலாளர் கேட்டிருந்தார். இலண்டனையும் பாரிஸையும் ரொறன்ரோவையும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். ஆகவே எங்கள் ஆட்கள் அதிகம் தங்காத ஒரு தலைநகரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நகரம்.

தங்காத ஊர் என்றுதான் சொன்னேன். போகாத ஊர் என்று சொல்லவில்லை. முகவர்மாரை நம்பி வட அமெரிக்காவுக்குப் புறப்பட்ட எங்கள் பிள்ளைகள் பலர் மத்திய அமெரிக்க நாடுகளின் வழியாகத்தான் போனார்கள். பூட்டிய அறையையும் இரவு பஸ்ஸையும் தவிர வேறொன்றையும் அவர்கள் காணவில்லை. நானோ கனடாக் கடவுச்சீட்டோடு பகல் வெளிச்சத்தில் போய் இறங்கினேன். என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற குவாத்தமாலாத் தாதி ஒருவர் தன் ஊரைப் பார்க்க வரும்படி அழைத்திருந்தார்.

லா அவுரோரா விமான நிலையம் நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. வீட்டுக் கூரைகளை உரசுவதுபோல விமானம் இறங்கும். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளையை விட உயரம், நுவரெலியாவை விடத் தாழ்வு. வானம் தெளிந்திருந்தால் அகுவா, ஃபுவேகோ, பக்காயா ஆகிய எரிமலைகள் தெரியும். வருகிற உல்லாசப் பயணிகளில் மிகப் பலர் விமானத்தால் இறங்கிய கையோடு வான் பிடித்துப் பழைய தலைநகரான அன்ரிகுவாவுக்குப் போய்விடுகிறார்கள். தலைநகரத்தில் பார்க்க ஒன்றுமில்லை, களவு பயம் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. நகையைக் கழற்றி வைத்துவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்பினால் போதும் என்றார் தோழி. அப்படியே செய்தோம்.

அன்ரிகுவா 1773இல் வந்த நிலநடுக்கத்தில் இடிந்தது. அதனால் 1776இல் தலைநகரை இங்கே மாற்றினார்கள். ஒரு தலைநகரமே இடம்பெயர்ந்து வந்த கதையைக் கேட்டதும் எனக்கு அந்த ஊரோடு ஒரு சொந்தம் வந்துவிட்டது. இங்கும் நிலம் விட்டுவைக்கவில்லை. 1976இல் வந்த நிலநடுக்கத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டார்கள். ஸ்பானியர் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே மாயா மக்களின் கமினால்ஹுயூ என்ற பெருநகர் இருந்தது. அதன் மேடுகள் சில 7ஆம் வட்டாரத்தில் மிஞ்சியிருக்கின்றன. மற்றவற்றின் மேல் வீடும் கடையும் வந்துவிட்டன.

வழி கண்டுபிடிப்பது சுலபம். நகரத்தை இலக்கமிட்ட வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாம் வட்டாரம் நடுவில். மற்றவை அதிலிருந்து நத்தை ஓடுபோலச் சுற்றிப் போகின்றன. வீதிகளுக்கும் இலக்கந்தான். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று இலக்கம் சொல்லியே வீடு கண்டுபிடித்த உருத்திரபுரத்துப் பிள்ளைக்கு இது பழகிய கணக்கு.

பாதைகளில் ஓடும் பழைய பஸ்கள் பல, வட அமெரிக்காவில் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ்களாக ஓடி முடித்தவை. அவற்றுக்கு வர்ணம் பூசி, பூவும் பெயரும் எழுதி ஓட்டுகிறார்கள். தோழியின் வீட்டில் தமால் என்ற பலகாரம் தந்தார்கள். சோளமாவுக்குள் இறைச்சி வைத்து, வாழையிலையில் பொதிந்து அவித்தது. பெயரின் ஒலியைக் கேட்டு நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று விளங்கப்படுத்த வெகுநேரம் எடுத்தது.

கதீட்ரலுக்குப் பின்னால், நிலத்துக்குக் கீழே மத்திய சந்தை இருக்கிறது. அங்கே ஏலக்காய் வாங்கினேன். உலகில் மிக அதிகமாக ஏலக்காய் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடுகளில் முன்னணியில் நிற்பது குவாத்தமாலா. மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே போய் வேரூன்றியது. ஆனால் விளைவிக்கிறவர்கள் அதைத் தங்கள் சமையலில் அதிகம் சேர்ப்பதில்லை. பெரும்பங்கு அரபு நாடுகளின் கோப்பிக்குப் போகிறது.

சந்தையிலிருந்து மேலேறி முன்பக்கம் வந்தால் கதீட்ரல் முற்றம். அங்கே 12 தூண்கள் நிற்கின்றன. சிற்ப வேலை என்று நினைத்துக் கிட்டப் போனேன். அவை பெயர்கள். மேலிருந்து கீழ்வரை ஆயிரக்கணக்கான பெயர்கள். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும். கொல்லப்பட்டும் காணாமல் ஆக்கப்பட்டும் போனவர்கள் இரண்டு இலட்சத்துக்கு மேல் என்று ஐ.நா. ஆதரவுடன் இயங்கிய உண்மை ஆணைக்குழு மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள்.

இந்தப் பெயர்களைத் திரட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மனித உரிமை அலுவலகம் கிராமம் கிராமமாகப் போய்ச் சாட்சியம் எடுத்தது. அந்த அறிக்கையை ஆயர் ஹுவான் ஹெரார்டி 1998 ஏப்ரல் 24ஆம் திகதி இதே கதீட்ரலில் வெளியிட்டார். இரண்டு நாள் கழித்து அவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

அதற்கும் முன்பே, 1984இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, காணாமல் போனவர்களின் மனைவிமாரும் தாய்மாரும் ‘பரஸ்பர உதவிக் குழு’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து வீதிக்கு வந்துவிட்டார்கள். 2005இல் 6ஆம் வட்டாரத்தில், பழைய கட்டடமொன்றில், பொலிஸாரின் ஆவணக் குவியல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டுக் கோடிப் பக்கங்கள். அப்படி ஒன்று இல்லை என்றுதான் அதுவரை சொல்லப்பட்டு வந்தது. இன்று எலும்பின் மரபணுவை உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டு ஒருவர் ஒருவராக அடையாளம் காண்கிறார்கள். இன்னும் பல்லாயிரம் பேர் கிடைக்கவில்லை. சமாதான உடன்படிக்கையோடு எல்லாம் சரியாகிவிட்டதென்று நான் சொல்ல வரவில்லை.

அந்த உடன்படிக்கை சதுக்கத்தின் இன்னொரு பக்கத்திலுள்ள தேசிய மாளிகையில் 1996 டிசம்பர் 29ஆம் திகதி கையெழுத்தானது. அதே ஆண்டில்தான் ‘சத்ஜெய’ நடவடிக்கையால் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. அவர்கள் பேனாவை எடுத்தபோது நாங்கள் பாயும் பானையுமாக மரநிழல்களில் இருந்தோம்.

தூண்களின் அடியில் ஐஸ்கிறீம் வண்டிக்காரர் நிழலுக்கு நிற்கிறார். பிள்ளைகள் புறாவுக்குச் சோளம் போடுகிறார்கள். முதலில் எனக்கு அது ஒருமாதிரியாக இருந்தது. பிறகு விளங்கியது. அந்தப் பெயர்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்படவில்லை. சந்தைக்குப் போகிறவர்களும் பூசைக்குப் போகிறவர்களும் அவற்றைக் கடந்துதான் போக வேண்டும்.

இங்கே கிளிநொச்சியில், கந்தசுவாமி கோவிலடியில், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு இருக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அவர்கள் கேட்பது நினைவுத்தூண் அல்ல. என் பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விடை. மரணச் சான்றிதழை வாங்க மறுக்கும் தாயிடம் போய், உன் பிள்ளையின் பெயரைக் கல்லில் எழுதுவோம் என்று நாங்கள் சொல்ல முடியாது. குவாத்தமாலாவை அப்படியே இங்கே கொண்டுவர இயலாது என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு பாடசாலையால் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. எங்களிடம் வரவு இடாப்பு என்று ஒன்று இருந்தது. அதில் உயிரோடு இருப்பவர், இல்லாதவர் என்ற பிரிவு கிடையாது. படித்தவள் என்றால் பெயர் இருக்கும். இடம்பெயர்வுகளில் பழைய இடாப்புகள் பல அழிந்துவிட்டன. இந்த நூற்றாண்டில் அவற்றைத் திரும்ப எழுதுவோம். ஒவ்வொரு வகுப்புப் பிரிவும் தன்னோடு படித்த எல்லோரையும் நினைத்துப் பார்க்கட்டும். பெயர், ஊர், படித்த ஆண்டுகள். இந்த மூன்றும் போதும். என்ன நடந்தது, எங்கே போனாள் என்று எழுத வேண்டாம். சங்கத்தின் முகவரிப் பட்டியலில் முகவரி இல்லாத காரணத்தால் விடுபட்டவர்கள் முதலில் வரட்டும்.

மலர் மகிழ்ச்சியான புத்தகமாக இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் விரும்புகிறேன். வகுப்பில் எல்லோருடைய பெயரையும் கூப்பிட்ட பிறகுதானே பாடம் தொடங்குவது வழக்கம்.

இந்த ஒன்றுகூடல் கலைவதற்கு முன்னர், உங்கள் வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் பெயர்களை எழுதி மேசையில் இருக்கும் கொப்பியில் சேர்த்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெளிநாடுகளில் இதை வாசிக்கும் சகோதரிகள் தங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுக்கலாம்.