எல்லோர் பெயராலும் ஒரு வழக்கு



பலர் பெயரால் ஒருவர் வழக்காடினால் அதன் தீர்ப்பு மற்றவர்களை எப்போது கட்டும்? என் உரை இந்தக் கேள்வியை விட்டு அதிகம் விலகாது. நிறுவனங்களுக்காக வாதாடும் நாம் இதைத் தலைகீழாகப் பார்த்து வருகிறோம் என்பது என் கட்சி.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 8 நமக்கு மனப்பாடம். ஒரே நலன் உடையவர்கள் பலர் இருந்தால், நீதிமன்ற அனுமதியோடு அவர்களில் சிலர் எல்லோருக்காகவும் வழக்குத் தொடரலாம். வாதியின் செலவில் ஒவ்வொருவருக்கும் அறிவிப்புப் போக வேண்டும். அது இயலாத அளவுக்கு ஆள்தொகை இருந்தால் பொது விளம்பரம் போதும். அதன்பின் வரும் தீர்ப்பாணை எல்லோரையும் கட்டும். நடுவழியில் சமரசம் செய்துகொள்ள நினைத்தால் கட்டளை 23, விதி 3பி குறுக்கே நிற்கும். நீதிமன்ற அனுமதியில்லாத உடன்பாடு செல்லாது.

இப்படி ஒரு மனு வந்ததும் பிரதிவாதி நிறுவனத்தின் வழக்கறிஞர் என்ன செய்கிறார்? 'ஒரே நலன் இல்லை, அனுமதி கூடாது' என்று எதிர்மனு போடுகிறார். அனுமதி மறுக்கப்பட்டால் கட்சிக்காரருக்கு இனிப்பான செய்தி போகிறது. அதற்கு அவர் கொடுக்கும் விலையை யாரும் சொல்வதில்லை. நூறு பேரும் தனித்தனியாக வரலாம். முதல் வழக்கில் நிறுவனமே ஜெயித்தாலும் மற்ற தொண்ணூற்றொன்பது பேரை அந்தத் தீர்ப்பு கட்டாது. 1933இல் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற குமாரவேலு செட்டியார் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னதும் இதுதான்: அனுமதி, அறிவிப்பு ஆகிய நிபந்தனைகள் கறாராக நிறைவேறாத வழக்கை, அதில் இல்லாதவர்கள் மீது முன்தீர்ப்புத் தடையாகக் காட்ட முடியாது.

தீர்ப்பு ஒன்று எவ்வளவு காலம் கட்டும் என்பதற்குச் சிதம்பரத்தில் நின்றுகொண்டு வேறு சான்று தேட வேண்டியதில்லை. நடராசர் கோயில் தீட்சிதர்களின் தனிச்சொத்து அல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 1890இல் கூறியது. பொது தீட்சிதர்கள் ஒரு சமயப் பிரிவினர் என்று அதே நீதிமன்றம் 1951 டிசம்பர் 13இல் மாரிமுத்து தீட்சிதர் வழக்கில் தீர்த்தது. பல பத்தாண்டுகள் கழித்து அரசு கோயிலுக்குச் செயல் அலுவலரை நியமித்தபோது, 2009இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. 2014 ஜனவரி 6இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1951ஆம் ஆண்டுத் தீர்ப்பு அரசைக் கட்டும் என்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. கோயில் யார் கையில் இருக்க வேண்டும் என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. இந்த ஊரில் அதற்குள் போனவர் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப முடியாது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்யும் தீர்ப்பு எவ்வளவு பெரிய சொத்து என்பதை மட்டும் வணிகச் சட்டக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

'ஒரே நலன்' எது என்பதிலும் குழப்பம் குறைந்தபாடில்லை. சென்னை அசோக் நகரில் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு வீடு ஒதுக்கிய வீட்டுவசதி வாரியம், பின்னாளில் கூடுதல் தொகை கேட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம், ஆகவே கூட்டாக வரக் கூடாது என்றது வாரியம். 1990இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நலன் ஒன்றாக இருந்தால் போதும், வழக்கு மூலம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2021இல் பிரிகேட் நிறுவன வழக்கில் நிலைமை வேறு. 1,134 குடியிருப்புகளில் 51ஐ வாங்கிய 91 பேர் எல்லோருக்காகவும் நுகர்வோர் ஆணையத்துக்கு வந்தார்கள். மற்றவர்களின் நலனும் அதுவேதான் என்பதை முறையீட்டில் காட்டவில்லை என்றது உச்ச நீதிமன்றம். அந்த 91 பேருக்கான கூட்டு முறையீடாக மட்டும் அதை நடத்த அனுமதித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். வாதி தரப்பில் வரைவு எழுதும் இளையவர்கள் அதை முழுமையாகப் படிக்க வேண்டும்.

கம்பெனிச் சட்டத்துக்கு வருவோம். 2009இல் சத்யம் கம்பெனியின் கணக்கு ஊழல் வெளிவந்தபின், அமெரிக்கச் சந்தையில் பங்கு வாங்கியவர்கள் அங்கே குழு வழக்குத் தொடர்ந்து 12.5 கோடி டாலருக்குச் சமரசம் பெற்றார்கள். நம் சிறு முதலீட்டாளர்களுக்கு அன்று அப்படியொரு வாசல் இருக்கவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 245 அதைத் திறந்தது. நடைமுறைக்கு வர 2016 ஜூன் ஆயிற்று. வாசற்படி உயரம் 2019இல்தான் தெரிந்தது: நூறு உறுப்பினர்கள் அல்லது மொத்தத்தில் ஐந்து சதவீதம், இதில் எது குறைவோ அது, இல்லையேல் பட்டியலிட்ட கம்பெனியில் இரண்டு சதவீதப் பங்கு. பண்ருட்டியில் ஐம்பது பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் இன்னும் தொண்ணூற்றொன்பது பேரை எங்கே போய்த் தேடுவார்? என் கணிப்பில் இந்தப் படி சற்று உயரம்தான்.

கடலூரில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம் மக்கள் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியின் காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றி எத்தனையோ ஆண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள். 2021 மே மாதம் அங்குள்ள ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தபோது பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. 2010ஆம் ஆண்டுப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இத்தகைய இழப்பீட்டு வழக்குகளை உரிமையியல் நீதிமன்றத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. தவறு இருந்ததென்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்க வழி செய்தது. பாதிக்கப்பட்டோரின் பிரதிநிதி அமைப்பும் அங்கே போகலாம். ஆனால் அந்தத் தீர்ப்பாயம் நடைமுறைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. விதி 8இன் அறிவிப்பு அங்கே கட்டாயமில்லை. அப்படியானால் ஒரு சங்கம் பெறும் ஆணை, சங்கத்தில் சேராத மீனவரையும் கட்டுமா? ஆலைக்கும் மீனவருக்கும் ஒருசேரத் தேவைப்படும் இந்த விடையை நாளைய அமர்வில் யாராவது எடுத்துப் பேச வேண்டும்.

விளம்பரத்தைப் பற்றி ஒரு சொல். நாளிதழின் உள்பக்கத்தில், நீதிமன்றத் தமிழில், பொடி எழுத்தில் வரும் அறிவிப்பைக் குடிகாட்டில் யார் படிக்கிறார்கள்? ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, மீன் இறங்குதளம் ஆகிய இடங்களிலும் எளிய தமிழில் ஒட்ட வேண்டும் என்று நாம்தான் மனுவில் கேட்க வேண்டும். வாதி கேட்பாரா என்று காத்திருக்காமல் பிரதிவாதி நிறுவனத்தின் வழக்கறிஞரே அதைக் கேட்க வேண்டும். தன் கட்சிக்காரர் நாளை காட்டப்போகும் தடைக்கு அந்தத் தாள்தான் ஆதாரம். அடுத்த முறை விதி 8 மனு மேசைக்கு வரும்போது, எதிர்மனு எழுதுமுன் இதைக் கட்சிக்காரரிடம் பேசிவிடுங்கள் என்று உங்கள் அனைவரையும் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.