கிரிக்கெட் வர்ணனையும் ஆங்கிலப் பாடமும்

நிந்தவூருக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. மாலையானால் கடற்கரை மணலிலே சிறுவர் கிரிக்கெட் ஆடுவர். அவர்களுள் ஒருவனை அழைத்து, "உனக்கு ஆங்கிலம் வருமா?" என்று வினவினால், "வராது" என்பான். ஆயினும், அவுட், கேட்ச், ஓவர், விக்கெட் என்று ஆட்டத்தினிடையே அவன் கூவும் சொற்கள் யாவும் ஆங்கிலமே அல்லவா? தெரிந்ததையே தெரியாதென்று நம்பியிருக்கும் அம்மாணவனுக்குப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

இக்கேள்வி சிறிதன்று. அண்மையிலுள்ள ஒலுவிலில் 1995ஆம் ஆண்டு தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகின்றன. பாடசாலையில் 13 ஆண்டுகள் தமிழிற் பயின்ற பிள்ளை, அறிவிருந்தும் காது பழகாமையாற் பின்தங்குமாயின், அது பெருநட்டம்.

காது பழகுவதற்கு வழி, மீண்டும் மீண்டும் கேட்டலே. பாடநூலை இரண்டாம் முறை கேட்க விரும்பாத பிள்ளையும், 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரிலே இலங்கை உலகக் கிண்ணம் வென்ற ஆட்டத்தின் வர்ணனையைச் சலியாது கேட்கும். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் பெற்ற கதை அதற்கு முன்னரே தெரியும். பொருள் தெரிந்திருப்பதாற் கவனம் சொல்லின்மீது நிற்கும்.

அவ்வர்ணனையிலே இலக்கணமும் அடங்கியுள்ளது. பந்துவீச்சாளர் ஓடிவரும்போது வர்ணனையாளர் நிகழ்காலத்தில், 'கம்ஸ் இன்' என்பார். பந்து முடிந்தபின் நடந்ததை விளக்குகையில், 'கேம் இன்' என்று இறந்தகாலத்துக்கு மாறுவார். ஆசிரியர் ஒலியை நிறுத்தி, "எங்கே காலம் மாறியது?" என்று கேட்டாற் போதும். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆதலின் நம் நாவு 'அவுட்டு' என்று உகரம் சேர்க்கும். அதனையும் அவ்விடத்திலேயே திருத்தலாம்.

எனினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். வர்ணனையாளர் அவசரத்தில் எழுவாயை விடுவார், பயனிலையையும் விடுவார். அவ்வாறே பரீட்சையில் எழுதினாற் புள்ளி கிடையாது. விடுபட்டதை நிரப்பி முழு வாக்கியமாக எழுதுவித்தல் ஆசிரியர் கடன். அது நிகழாவிடின் மிஞ்சுவது பொழுதுபோக்கே. கிரிக்கெட்டில் நாட்டமில்லாத பிள்ளைக்குச் சமையல் நிகழ்ச்சி உதவும். வெட்டு, கலக்கு, ஊற்று என்னும் ஏவல் வினைகளை அங்கே கேட்கலாம்.

2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. வீட்டுக்கு ஒரே தொலைபேசி; தந்தை தொழிலுக்குப் போனால் அதுவும் உடன் போய்விடும் என்ற நிலையில், நேரலை வகுப்பு எவ்வாறு எட்டும்? ஓர் ஓவரின் ஒலிப்பதிவோ, குறைந்த டேட்டாவில் வந்து சேரும், இரவிலும் கேட்கலாம். அதே ஓவரைப் பிள்ளை தன் குரலில் வர்ணித்துத் திருப்பி அனுப்பலாம். வகுப்பிலே பலர் முன்னிலையிற் கூசும் பிள்ளை, தனியே இருந்து பேசி, பிழை கண்டு, மறுபடியும் பேசும்.

பாடசாலைகள் திறந்திருக்கும் காலத்துக்கும் இம்முறை பொருந்தும். கேட்பது வீட்டில் நடக்கட்டும். பேசுவதும் திருத்துவதும் வகுப்பறையில் நடக்கட்டும். விருப்பத்தோடு கேட்ட மொழியே நாவிலும் துணிவோடு வரும்.