பேரப்பிள்ளையின் தொப்புளும் நம் தொப்புளும்

இங்கே அமர்ந்திருக்கும் பாட்டிமார் பலர் தேக்காவுக்குப் பக்கத்திலுள்ள கேகே மருத்துவமனையில் பிள்ளை பெற்றிருப்பீர்கள். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அது அந்நாளில் கின்னஸ் சாதனை. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அத்தனை குழந்தைகளுக்கும் தொப்புள்கொடியை வெளியே வெட்டினார்கள். உள்ளே இருந்த குழாய்கள் என்ன ஆயின? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

கொடிக்குள் மூன்று இரத்தக் குழாய்கள் உண்டு. ஒன்று தாயிடமிருந்து உணவையும் உயிர்வளியையும் கொண்டுவந்து, தொப்புளிலிருந்து மேலேறிக் கல்லீரலுக்குப் போகும். மற்ற இரண்டும் பயன்படுத்திய இரத்தத்தைத் திருப்பி அனுப்பும். வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்கு அதிக இரத்தம் தேவையில்லை. அதைத் தவிர்த்துச் செல்ல இதயத்தின் அருகே ஒரு குறுக்குவழியும், இதயத்துக்குள் சிறு கதவும் இருக்கும்.

குழந்தை பிறந்து வீறிட்டு அழுததும் நுரையீரல் விரிகிறது. கதவு மூடிக்கொள்கிறது. குறுக்குவழி பெரும்பாலும் மூன்று நாளுக்குள் சுருங்கிவிடும். (பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தக் கதவு முழுதாக ஒட்டியிருக்காது. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை இல்லை; பயப்பட வேண்டாம்.)

தொப்புள் குழாய்களும் சுருங்கும். ஆனால் சுருங்குவது வேறு, அடைபடுவது வேறு. அவை கெட்டியான நாணாக மாற வாரக்கணக்கில் ஆகும். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு முதல் சில நாள்களில் மருத்துவர்கள் தொப்புள் வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தி மருந்து ஏற்றுவதுண்டு. அந்த வழியில் மருந்து போக முடியும் என்றால், கிருமியும் கல்லீரல்வரை போக முடியும்.

அதனால்தான் சொல்கிறோம்: தொப்புளில் மஞ்சள், வசம்பு, பவுடர், எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். காசு வைத்துக் கட்டவும் வேண்டாம். “எங்கம்மா போட்டாங்க, ஒன்னும் ஆகலையே” என்பீர்கள். உண்மைதான், பல பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிட்ட பிள்ளைகளின் கதையை யாரும் நமக்குச் சொல்லவில்லை. தொப்புளைக் காய்ந்தபடி விடுங்கள். டயப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். கொடி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும், இழுக்காதீர்கள். சுற்றிலும் சிவந்தாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி நம் வயிறு. தொப்புளிலிருந்து கல்லீரலுக்குப் போன அந்தக் குழாய் உங்களுக்குள் இன்றும் ஒரு நாணாக இருக்கிறது. அதை ஒட்டி மிகச் சிறிய நரம்புகள் ஓடுகின்றன. சாதாரணமாக அவை இருப்பதே தெரியாது. ஹெபடைடிஸ் பி, மது, கொழுப்புக் கல்லீரல் போன்றவற்றால் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கினால், இரத்தம் அதன் வழியே எளிதில் போக முடியாது. அப்போது இந்தப் பழைய பாதையைத் தேடி வரும். தொப்புளைச் சுற்றி நரம்புகள் புடைத்து, நாலாபக்கமும் ஓடுவதுபோல் தெரியும்.

இது நோய் முற்றிய பிறகு தெரியும் அடையாளம். வயிறு உப்பியிருந்தால் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவையா என்று அவர் சொல்வார்.