தாள் எண் 58 ஜே/12
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



திருக்கோட்டியூர் நம்பியிடம் திருமந்திரத்தின் பொருள் கேட்க இராமானுசர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பதினெட்டு என்ற எண்ணைக் கேட்டுத் தலையசைப்போர் பலர். அந்த நடை ஒன்றின் தொலைவு எவ்வளவு என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. அதை அளந்து காட்டும் பொருள் ஒன்று உண்டு. அதுவே இன்றைய உரையின் பொருள்: இந்திய நில அளவைத் துறை ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அச்சிட்டு வெளியிட்ட பழைய தலப்படங்கள்.

இத்தாள்களின் எண்முறை முதலில் மிரட்டும். பழகிவிட்டால் வெண்பாவின் தளைபோல் எளிது. அகலாங்கு நான்கு பாகை, நெட்டாங்கு நான்கு பாகை கொண்ட பெருங்கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தமிழகத்தின் தென்பாதி பெரும்பாலும் 58 என்னும் எண்ணுக்குள் அடங்கும். அதனைப் பதினாறாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. பத்தாம் எழுத்தாகிய ஜே, 10 முதல் 11 பாகை வரையுள்ள வட அகலாங்கும் 78 முதல் 79 பாகை வரையுள்ள கிழக்கு நெட்டாங்கும் கொண்ட நிலம். அதையும் பதினாறாக்கினால் கால் பாகைக்கு ஒரு தாள். எண்கள் மேலிருந்து கீழாக இறங்கும். திருக்கோட்டியூர் 58 ஜே/12-இல் உள்ளது. அதன்மேல் 11, அதன்மேல் 10, அதற்கும் மேல் 9. அந்த ஒன்பதாம் தாளில் திருவரங்கம்.

நான்கு தாள்களையும் தரையில் வரிசையாக விரித்தால் நம்பியின் ஊரும் இராமானுசரின் ஊரும் ஒரே நெடுவரிசையின் இரு முனைகளில் வந்து நிற்கின்றன. நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 56 அங்குலம், அதாவது 56 மைல். கிலோமீட்டரில் ஏறத்தாழ 90. தாளின்மீது அது ஓர் ஆளின் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. போகவும் வரவுமாகப் பதினெட்டு முறை எனின் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். காலடிப் பாதை நேர்கோட்டில் செல்லாது. கண்மாய்க் கரையைச் சுற்றும், பாறையை விலகும். ஆகவே உண்மைத் தொலைவு இன்னும் கூடும். இடையில் கிடப்பவை எவை? பத்தாம் தாளில் விராலிமலை. பதினொன்றில் சித்தன்னவாசலும் குடுமியான்மலையும். ஒன்று ஓவியத்துக்கும் மற்றொன்று இசைக் கல்வெட்டுக்கும் பேர்பெற்றவை. 1948-க்கு முந்திய தாள்களானால் புதுக்கோட்டை சமத்தானத்தின் எல்லைக்கோடும் குறுக்கிடும். கதையாகக் கேட்டபோது ஒரு சொல்லாக இருந்த வழி, தாளில் பார்க்கும்போது வெயிலும் பாறையும் உள்ள வழியாகிறது.

இத்தாள்கள் யாருக்காகப் பிறந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1801-ஆம் ஆண்டு கும்பினிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது. ஏறத்தாழ ஒரு மாதம் வெட்டியும் அம்முயற்சி கைவிடப்பட்டது. மருது சகோதரர்களின் வலிமையில் ஒரு பகுதி, அந்தக் காடு எவர் தாளிலும் இல்லாதிருந்ததே. பின்னர் வேறு வழி கண்டு படை நுழைந்தது. 1801 அக்டோபர் 24 அன்று, இவ்வூரிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியை நிலத்தில் நீட்டி ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கே பிறந்தது. இவ்விரண்டுக்கும் இடையே ஆறு மாதமே. லாம்டனின் நாட்டம் பூமியின் வடிவத்தைக் காண்பது என்பது உண்மை. அவருக்குப் படி அளந்த அரசின் நாட்டம், இனி எந்தக் காடும் தாளில் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது.

லாம்டனின் தியோடலைட் அரை டன் எடை. மலைகள் உள்ள இடத்தில் மலையுச்சியில் ஏற்றினார்கள். காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கோவில்களின் மேல் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைக் கோவிலின் மேல் கருவியைக் கயிற்றால் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் பல வாரங்கள் தனித்திருந்து தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார் என்பது வரலாறு. கருவியைச் சுமந்த கலாசிகளின் பெயர்கள் அவ்வரலாற்றில் இல்லை. லாம்டன் 1823-இல் பணியிடையே இறந்தார். அவர் தொடங்கிய பெருவில் அளவையை எவரெஸ்ட் 1841-இல் முடித்தார். மலைக்குக் கிடைத்த பெயர் எவருடையது என்பது ஊரறிந்த செய்தி.

சென்னையில் 1794-இல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளியையும் இங்கே நினைக்க வேண்டும். அனாதை இல்லச் சிறுவர்களைக் கொண்டு நடந்த பள்ளி அது. அப்பள்ளியில் பயின்றவர்கள் பின்னர் தென்மாவட்டங்களை அளந்து படமும் நினைவுக்குறிப்பும் எழுதினார்கள். ஊர், கோவில், குளம், சாலை என அப்பள்ளிப் பிள்ளைகள் எழுதிவைத்த ஊர்ப்பெயர்கள் அவை.

கோபுரத்தில் ஏறியவர்களைப் பற்றிப் பேசும்போது இவ்வூரில் ஒருவரை மறக்க இயலாது. மறைபொருளாகக் காக்க வேண்டும் என்று நம்பி சொன்னதை, இராமானுசர் உயர ஏறி நின்று ஊரார் அனைவர்க்கும் சொன்னார் என்பது இவ்வூரின் உயிர்க்கதை. லாம்டனின் வழிவந்தவர்கள் உயர ஏறிக் கண்டதையோ நெடுங்காலம் ஊராருக்குச் சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடற்கரையிலிருந்தும் நாட்டெல்லையிலிருந்தும் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குள் அமைந்த நிலத்தின் தலப்படங்கள் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. தொண்டிக் கடல் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். தன் கண்மாயின் படத்தைக் காண அந்தக் கண்மாய்க் கரையில் பிறந்தவனே அனுமதி வேண்டி நின்ற காலம் அது. 2005-இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசைத் தாள்களை வகுத்தது. 2017 முதல் அவ்வரிசையை இணையத்தில் விலையின்றி இறக்கிக்கொள்ள வழி செய்தார்கள். 2021-இல் கட்டுப்பாடுகள் மேலும் தளர்ந்தன. மந்திரம் கோபுரத்துக்கு வர ஒரு பகல் ஆயிற்று. தாள் வீட்டுக்கு வர இருநூறு ஆண்டுகள்.

இங்கிலாந்தில் கதை சற்று வேறு. அங்கும் தொடக்கம் படைத்துறையே. 1791-இல் பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சத்தில் தோன்றியது அவர்களின் அளவைத்துறை. 1801-இல் கென்ட் மாவட்டத்தின் ஓரங்குலப் படம் வெளியாயிற்று. 1840-களில் இலங்காஷயரையும் யார்க்ஷயரையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற பேரளவில் வரைந்தார்கள். பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், கால்வாய், இருப்புப்பாதை எல்லாம் அத்தாள்களில் உண்டு. ஆலையின் சுவரை ஒட்டியே மேய்ச்சல் வேலியும் ஓடையும் உண்டு. அந்நாட்டார் அப்பழைய தாள்களை மறுபதிப்பாக வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டன் வேலை செய்த ஆலை எது, அவன் மீன்பிடித்த ஓடை எது என்று தேடுகிறார்கள்.

அத்தாளையும் செட்டிநாட்டுத் தாளையும் ஒப்பிட்டால் ஒரு விந்தை தெரியும். இலங்காஷயரில் செல்வத்தின் காரணம் தாளிலேயே இருக்கிறது: இதோ சுரங்கம், இதோ ஆலை, இதோ நகரம். செட்டிநாட்டில் வறண்ட செம்மண் நிலத்துக்கு நடுவே நேரான தெருக்களும் அவற்றில் நெருங்கிய பெருவீடுகளும் கொண்ட ஊர்கள் சிவப்புக் கட்டங்களாக நிற்கின்றன. அச்செல்வம் எங்கிருந்து வந்தது என்று அத்தாளை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. அதற்கு இரங்கூன் தாளை விரிக்க வேண்டும். ஐராவதி முகத்துவாரத்து நெல்வயல்களைப் பார்க்க வேண்டும். மலேயா ரப்பர்த் தோட்டங்களையும் பார்க்க வேண்டும். 1942-இல் சப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது செட்டிநாட்டுத் தாளில் ஒரு கோடும் மாறவில்லை. வீடுகளோ அன்றே பூட்டத் தொடங்கின. பூட்டிய வீட்டுக்கும் திறந்த வீட்டுக்கும் தலப்படத்தில் ஒரே குறிதான்.

இது கவிஞர்கள் கூடிய அவை. ஆகவே குறிகளைப் பற்றிச் சற்று நின்று பேசலாம். நீலம் நீருக்கு, பழுப்பு சமஉயரக் கோட்டுக்கு, மஞ்சள் பயிர்நிலத்துக்கு, பச்சை காட்டுக்கு, சிவப்பு சாலைக்கும் குடியிருப்புக்கும். மரங்களில் பனைக்குத் தனிக்குறி உண்டு. மற்றப் பனையினங்களுக்கு வேறு குறி, வாழைக்கு வேறு, மூங்கிலுக்கு வேறு. பனையைத் தனியே பிரித்தறிய வேண்டும் என்று அளவைக்காரனுக்குத் தோன்றியிருக்கிறது. அகப்பொருள் இலக்கணம் கூறும் கருப்பொருள்களில் மரத்தையும் நீரையும் ஊரையும் இத்தாள் தருகிறது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் என்ற இரண்டில் நிலத்தை மட்டும் தருகிறது. பொழுதை விட்டுவிட்டது. தாளில் கண்மாய் எப்போதும் நீலம். சித்திரையில் அது வெடித்த களிமண் என்பதும், ஐப்பசி மழையில் மறுகால் பாயும் என்பதும் தாளுக்குத் தெரியாது. உரிப்பொருளைத் தாளிடம் கேட்பது முறையன்று. அது கவிஞர்களின் வேலை. ஆனால் தமிழ்க் கவிஞர் சிலரின் நெய்தலும் முல்லையும் எந்த ஊரிலும் இல்லாத நெய்தலும் முல்லையுமாக இருப்பதைக் காணும்போது, அவர்கள் ஒரு திங்கள் இத்தாள்களைப் படிப்பது நல்லது என்று தோன்றுவது இயல்பே.

தாளின் வறுமைக்கு இவ்வூர்க் கோவிலே சான்று. இங்குள்ள அட்டாங்க விமானத்தில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் ஆடியும் தளத்துக்கொரு கோலமாகக் காட்சி தருகிறார். படியேறியவர்க்கே அது புரியும். தலப்படமோ வானத்திலிருந்து நேர்கீழே பார்க்கும் கண். அதற்கு எல்லாத் தளங்களும் ஒரே புள்ளி. கோவில் என்னும் சிறு குறி, அவ்வளவே.

இவ்வளவு குறை சொன்ன பின்னும் இத்தாளை விட்டுவிட இயலாத ஒரு காரணம் உண்டு. சிவகங்கை ஜமீன் நிலம். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே ஜமீன் ஊர்கள் பெரும்பாலும் புல வாரியாக முறையாக அளக்கப்பட்டன. அதற்கு முந்திய நிலைமையைக் காட்ட ஊர்க்கணக்குகளில் படம் அரிது. ஒரு கண்மாயின் கரை எதுவரை சென்றது, வரத்துக்கால் எந்தப் பக்கம் வந்தது, எந்தக் கண்மாயின் மறுகால் எந்தக் கண்மாய்க்கு நீர் தந்தது என்று கேட்டால், பழைய ஓரங்குலத் தாள் பலவிடங்களில் முதற்சான்றாகிறது. வானம் பார்த்த இந்நிலத்தில் கண்மாய்கள் தனித்தனியே வாழ்வதில்லை. மேல்கண்மாய் நிறைந்து கீழ்கண்மாய்க்குத் தரும். சங்கிலியின் ஒரு கண்ணியில் மனைப்பிரிவு போட்டால் கீழே உள்ள நான்கு ஊர்கள் காயும். குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச்சட்டமே வந்தது. சட்டம் இருந்தாலும் கண்மாய் இருந்ததென்று காட்டியாக வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை: பழைய தாள்கள் எவரெஸ்ட் வகுத்த பூமி வடிவத்தைக் கொண்டு கணித்தவை. இன்றைய செயற்கைக்கோள் கணக்கோடு நேரே பொருத்தினால் நூறு, இருநூறு மீட்டர் விலகும். அதைத் திருத்திய பிறகே கரையைக் காட்டிப் பேச வேண்டும். இல்லையேல் எதிர்வழக்காடுவோர் சிரிப்பார்கள்.

பெயர்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. ஓரங்குலத் தாளில் பெரிய கண்மாய்க்கே பெயர் எழுத இடம் உண்டு. ஊருணி, பொட்டல், திடல், செய், கரட்டுப்பாறை ஆகியவற்றின் பெயர்கள் தாளுக்குள் வரவே இல்லை. வந்தவையும் ஆங்கில எழுத்தில் வந்தவை. ழகரமும் றகரமும் அங்கே கரைந்துபோயின. அப்பெயர்கள் மாடு மேய்த்தவர்களின் வாயிலும் மடை திறந்த நீர்ப்பாய்ச்சிகளின் வாயிலும் இருந்தன. மேய்ச்சல் குறைந்தது, மடைமுறை நின்றது, பெயரும் ஓய்கிறது. ஒரு கவிஞர் வட்டம் பத்தாண்டு நிறைவில் மலர் வெளியிடுகிறது, மகிழ்ச்சியே. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரின் தாளை எடுத்து, அதில் பெயரின்றிக் கிடக்கும் நீலங்களுக்கெல்லாம் முதியோரைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் பெயர் எழுதிவருவாரானால், அடுத்த மலரின் பாதிப் பக்கங்கள் அதற்கே போதா.

தாள் கிடைக்குமா என்ற கேள்வி எழும். புதிய வரிசை அளவைத்துறையின் இணையத்தளத்தில் உண்டு. 1950-களில் அமெரிக்க இராணுவ வரைபடப் பிரிவு இந்தியா முழுமைக்கும் இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் அச்சிட்ட தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்துள்ளது. அதில் செட்டிநாடும் அடங்கும். அளவு சிறியது, கண்மாய்களைத் தேட உருப்பெருக்கி வேண்டும். பழைய ஓரங்குலத் தாள்கள் ஆவணக் காப்பகங்களிலும் பழைய கல்லூரிகளின் நிலவியல் துறை அலமாரிகளிலும் கிடக்கின்றன. பல கல்லூரிகளில் அவை பழைய தாள் என்று எடைக்குப் போகும் நிலையில் உள்ளன. கேட்டு வாங்குவோர் விரைந்து கேட்க வேண்டும்.

ஒன்றைமட்டும் சொல்லி வைக்கலாம். பன்னிரண்டாம் தாளை வாங்குவோர் பிள்ளையார்பட்டியையும் குன்றக்குடியையும் அதிலேயே காண்பர். காரைக்குடிக்குக் கிழக்கே 16 வேண்டும். அத்தாள் 1930-இல் இருப்புப்பாதை வருமுன் அளந்ததா, பின் அளந்ததா என்று ஓரத்திலுள்ள ஆண்டைப் பார்த்து வாங்குக. கபிலரின் பறம்பைத் தேடுவோருக்கும் பன்னிரண்டு பயன்படாது. பிரான்மலை, தாளின் மேற்கு ஓரத்தைத் தாண்டி 58 ஜே/8-இல் இருக்கிறது.