கிதாரும் கோடாரியும்

(ஜவ்வாது மலையில் மலைமக்கள் கூட்டத்தில் பேசியது)



கூட்டம் தொடங்குமுன் ஓர் இளைஞர் கிதார் வாசித்தார். "இது எந்த தேசத்து வாத்தியம்? யார் செய்தது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கே பதில் சொல்லுவோம்.

கிதார் ஸ்பெயின் தேசத்தில் வளர்ந்தது. அன்று அதற்குச் சின்ன உடல். ஆட்டுக் குடலை முறுக்கிய தந்திகள், ஜோடி ஜோடியாக. 1800-ஐ ஒட்டித்தான் ஆறு ஒற்றைத் தந்திகள் நிலைத்தன. ஓசை அப்போதும் சிறியதே. அதைப் பெருக்கியவர் அன்டோனியோ டி டோரெஸ் (1817–1892) என்ற தச்சர். உடலைப் பெரிதாக்கினார், முகப்பலகையை மெல்லியதாக இழைத்து, உட்புறம் விசிறிபோல் சிறு சட்டங்களை ஒட்டினார். தந்தி அதிர்ந்தால் பலகை அதிரும். பெட்டிக்குள் காற்று அதிரும். அதுதான் ஓசை. இதை நிரூபிக்க 1862-ல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையாலேயே செய்து காட்டினார்!

ஜெர்மனியின் சாக்ஸனியில் பிடில் செய்வோர் தகராறு செய்தார்கள். மேஜை, அலமாரி செய்கிற தச்சனுக்குக் கிதார் செய்ய உரிமை இல்லையாம்! தச்சர் குடும்பத்தில் பிறந்த சி.எப். மார்ட்டின் 1833-ல் அமெரிக்கா சென்று பட்டறை வைத்தார். பின்னர் அந்நாட்டில் எஃகுத் தந்தி வந்தது, ஓசை ஓங்கியது. தோளில் மாட்டிச் செல்லக்கூடிய வாத்தியம் அல்லவா? பாடுபடும் மக்களிடம் பரவியது. சிலி நாட்டில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த விக்டர் ஹாரா கிதாரோடு மக்களுக்காகப் பாடினார். 1973-ல் ராணுவ ஆட்சி அவரைச் சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றது.

சரி, மரம் எங்கிருந்து வருகிறது? முதுகுக்குப் பிரேசில் நாட்டு மரத்தைப் போட்டு வந்த மார்ட்டின் கம்பெனி, அது கிடைக்காமல் போகவே 1969-ல் நம் நாட்டு ஈட்டி மரத்துக்கு மாறியது. கிதாருக்கு ஈட்டி என்றால், ஜப்பானின் மூன்று தந்தி வாத்தியமான ஷாமிசெனின் கழுத்துக்கு உயர்ந்த மரம் ஆந்திரத்துச் செம்மரம்.

செம்மரம் என்றதும் உங்கள் முகம் வாடுகிறது. 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீசார் சுட்டதில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மாண்டார்கள். இந்த மலையின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

செம்மரம் அருகிவரும் மரம். அதை வெட்டுவது குற்றம். காட்டைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் தரகன் எங்கே? கப்பலேற்றிக் கோடி குவிக்கும் முதலாளி எங்கே? குண்டு பாய்ந்தது கூலிக்காரன் மார்பில் மட்டும்தானே!

டோரெஸின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. மார்ட்டின் பெயர் கிதாரின் தலையிலேயே இருக்கிறது. மரம் வெட்டியவன் பெயரோ போலீஸ் பதிவேட்டில்தான் ஏறுகிறது. மில்லில் நெய்த துணியில் நெய்தவன் பெயர் உண்டா? அதே கதைதான்.

ஆகவே, தோழர்களே, தரகனின் முன்பணத்தைத் தொடாதீர்கள்! 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்குப் பட்டா கேளுங்கள். சாமைக்கும் புளிக்கும் தேனுக்கும் கட்டுப்படியாகும் விலை கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் காதில் விழாது. ஒற்றைத் தந்தி மட்டும் அதிர்ந்தால் ஓசை எழாது. பலகை முழுவதும் அதிர வேண்டும்!